மூன்று பேருக்கு ஒரு கிண்ணம்

செப்டம்பர் 18

முதலிலேயே ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். விமானத்தில் ஒரு பிள்ளை, வெள்ளையாக, உருண்டையாக, ஆவி பறக்க ஒன்றை இடுக்கியால் எடுத்து என் கையில் வைத்தாள். கொழுக்கட்டை என்று நினைத்துக் கடித்துவிட்டேன். துணி. முகம் துடைக்கிற துணி. வெடுக்கென்று எடுத்தால் பக்கத்து சீட்டுக்காரர் பார்த்துவிடுவாரே என்று, பல்வலிக்கு ஒத்தடம் கொடுக்கிற மாதிரி அப்படியே கன்னத்துக்கு நகர்த்தினேன். அவர் பாவப்பட்டு ஒரு மாத்திரை நீட்டினார். வேறு வழியில்லாமல் அதையும் விழுங்கிவைத்தேன்.

இதைக் கோமதியிடம் சொன்னேன். அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறாள், இந்தப் பக்கம் நான். நடுவில் ஒரு ஃபோன். சிரித்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது. நர்ஸ் பிள்ளை ஓடிவந்து என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தது.

"யம்மா, உனக்கு வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாது. பேச வாரதை எல்லாம் எழுதி வை. நான் அப்புறமா வாசிச்சுக்கிடுதேன்" என்றாள்.

மாப்பிள்ளை கீழே கடைக்குப் போய் இந்த நோட்டை வாங்கிவந்தார். முதல் பக்கத்தில் பெயர் எழுதணுமாம். பிரம்மசக்தி. சங்கரன்கோவில், கோயில் வாசல் பூக்கடை. படிப்பு அஞ்சாங்கிளாஸ், அதிலும் பாதி நாள் பூ கட்டத்தான் போனேன். தப்பு இருந்தால் கோமதி திருத்தட்டும்.

செப்டம்பர் 20

ஜப்பானில் இந்த ஊர் பெயர் கனாசவா. நான் வந்ததிலிருந்து மழை. குடை இல்லாமல் ஒரு நாய்கூட வெளியே போகவில்லை. நிஜமாகவே ஒரு நாய்க்குக் குடை பிடித்துப் போகிறார்கள்.

மாப்பிள்ளை நவோக்கிக்குத் தமிழ் தெரியும் என்று கோமதி பெருமை அடிப்பாள். அவருக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் இவள் அவரைத் திட்டினது. விமான நிலையத்தில் இடுப்பு வரை குனிந்து, "வணக்கம் அம்மா, சும்மா கெட" என்றார். நானும் குனிந்து, "சரிங்க மாப்ள" என்றேன்.

செப்டம்பர் 22

இங்கே எனக்கு என்ன சோலி என்று எழுதிவைக்கிறேன். கோமதிக்கு ரத்தத்தில் கோளாறு. மருந்து ஏற்றி ஏற்றிப் பார்த்தாகிவிட்டது. இனி என் ரத்தத்தில் இருந்து விதை மாதிரி ஒன்றைப் பிரித்து அவளுக்கு ஏற்றுவார்களாம். அது அவள் எலும்புக்குள் போய் வேர் பிடித்தால் பிழைத்தாள். பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்றும் டாக்டர் சொன்னார். மாப்பிள்ளை அதை மட்டும் எனக்கு ஃபோனில் தமிழாக்கிக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

"உன் ரத்தத்தை ஏத்தினா நானும் உன்னை மாதிரி வாயாடி ஆயிருவேனாம்மா?" என்று கேட்டாள்.

"இப்ப மட்டும் என்னட்டி, ஊமையாவா இருக்கே?"

செப்டம்பர் 27

நான் தங்கியிருப்பது சம்பந்தியம்மா வீட்டில். பெயர் ஃபுமிக்கோ. எழுபது இருக்கும். முதுகு வளையாது, சேலை மாதிரி சுற்றின உடுப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. நான் உட்கார்ந்தால் பாய் கசங்குகிறது, அவர் உட்கார்ந்தால் பாய்க்கே தெரியாது.

அவருக்கு வேலை, தேநீர் குடிக்கச் சொல்லிக்கொடுப்பது. டீ குடிக்க வாத்தியார் வைக்கிற ஊரை இப்போதுதான் பார்க்கிறேன். கோமதி கல்யாணமாகி வந்த புதிதில் அவரிடம் படித்தாளாம். பேச்சு புரியாமல் மாமியாரும் மருமகளும் பழகினது அவர் பாடம் நடத்துகிற தேநீர் அறையில்தானாம்.

நாங்கள் இரண்டு பேரும் பேசுவதற்கு நடுவில் ஒரு ஃபோன். அவர் ஜப்பான் பாஷையில் சொன்னால் உள்ளே ஒரு பெண் தமிழில் சொல்லுவாள், மேடையில் பேசுகிற தமிழ். "தாங்கள் உறங்கினீர்களா?" என்று கேட்டாள். "எங்கனத்த உறங்க" என்றேன். அதை அவள் என்னவென்று சொன்னாளோ, சம்பந்தியம்மா எனக்கு ஒரு வரைபடம் கொண்டுவந்து கொடுத்தார்.

அக்டோபர் 6

விதை எடுத்தாகிவிட்டது. ஒரு கையிலிருந்து ரத்தம் போய், ஒரு மிஷினைச் சுற்றி, மறு கையில் திரும்பி வந்தது. சாயங்காலம் அவளுக்கு ஏற்றினார்கள். சின்னப் பை. ஒரு முழம் பூவை வாழையிலையில் கட்டினால் அதைவிடப் பெரிதாக இருக்கும்.

அக்டோபர் 7

இடுப்பு விட்டுப்போகிறது. நல்லா இருக்கேன்.

அக்டோபர் 16

இப்போது உள்ளே போகலாம், ஆனால் சட்டம் கொஞ்சம் நஞ்சமில்லை. கையைக் கழுவணும், அதற்கு மேல் மருந்து தேய்க்கணும், வாயையும் மூக்கையும் மூடணும், கிட்டத்தில் மூச்சு விடக் கூடாது. தயிர் ஆகாது, திராட்சை ஆகாது, பச்சைத் தண்ணி ஆகாது. அவள் தம்ளரை நான் தொடக் கூடாது. பூ ஆகவே ஆகாதாம், பூவில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்குமாம். இருபத்தஞ்சு வருசம் பூச்சியைத்தான் முழம் போட்டு விற்றிருக்கிறேன் போல.

கோமதி அப்பா ஃபோன் பண்ணினார். "ஏட்டி, கோமதி வந்து தங்க மாடி ரூமுக்கு பெயின்ட் அடிக்கப் போறேன். புள்ளைக்கு ரோஸா நீலமா, கேட்டுச் சொல்லு."

கேட்டேன். "ரெண்டும் வேண்டாம். சந்தன கலர்" என்றாள். நெடுநேரம் யோசித்துத்தான் சொன்னாள்.

அக்டோபர் 30

தினமும் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். இன்னும் வேர் பிடிக்கவில்லையாம். சில செடி அப்படித்தான். நட்டு வைத்தால் செத்த மாதிரி கிடக்கும், திடீரென்று ஒருநாள் துளிர்க்கும். டாக்டருக்குச் செடி பற்றி என்ன தெரியும்.

நவம்பர் 5

மாப்பிள்ளையைக் காணோம் என்று தேடினேன். ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். டாக்டரோடு பேசிவிட்டு வந்திருக்கிறார். முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, "சும்மா கெட, சும்மா கெட" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். பையில் முறுக்கு இருந்தது. ஆளுக்குப் பாதி தின்றோம்.

நவம்பர் 8

நல்ல சேதி. சட்டம் எல்லாம் தளர்த்திவிட்டார்கள்! மூக்குத்துணி வேண்டாம். தயிர் சாப்பிடலாம், திராட்சை சாப்பிடலாம், எது கேட்டாலும் கொடுக்கலாம். வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போகலாமாம். தயிர்சாதம் பிசைந்து கொண்டுபோனேன். இரண்டு வாய் சாப்பிட்டாள்.

இவ்வளவு நல்ல சேதிக்கு அந்த நர்ஸ் பிள்ளை ஏன் எனக்கு முகம் கொடுக்காமல் திரும்பிக்கொண்டது, தெரியவில்லை. எதற்கும் ஒரு முறுக்கு கொடுத்தேன்.

நவம்பர் 9

கோமதி அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். "கேட்டேளா, எது வேணும்னாலும் குடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றேன்.

அந்தப் பக்கம் ரேடியோவை அணைக்கிற சத்தம் கேட்டது.

"என்னங்க? ஏங்க?"

"ம்" என்றார். பிறகு கட்டாகிவிட்டது. டவர் இல்லை போல. திரும்ப அவர் கூப்பிடவில்லை. பெயின்ட் அடித்தாயிற்றா என்று கேட்க இருந்தேன்.

நவம்பர் 14

கோமதி வீட்டுக்கு வந்துவிட்டாள். சன்னலோரம் படுக்கை போட்டிருக்கிறது. எடை ஒன்றும் இல்லை, மாப்பிள்ளை காரில் இருந்து தூக்கிவந்தபோது பூக்கூடை தூக்குவது மாதிரி இருந்தது.

சாயங்காலம் சொன்னாள். "யம்மா, அத்தை தேநீர் அறையில இந்த மாசம் தரையடுப்பைத் திறப்பாவ. இங்க அது வருசப்பிறப்பு மாதிரி. கெட்டித் தேநீர் போடுவாவ. எனக்கு அதுல உக்காரணும்மா. நீ, நான், அவரு. மூணு பேருக்கும் ஒரே கிண்ணம்."

"ஏன், இந்த வீட்ல கிண்ணத்துக்குப் பஞ்சமா?"

"அதுதான் முறை. ஒருத்தர் குடிச்சு அடுத்தவங்களுக்குக் குடுக்கணும். எத்தனை மாசமா எல்லாரும் எங்கிட்ட மூக்குத்துணியைக் கட்டிக்கிட்டே வாராவ. எனக்கு ஒரே கிண்ணத்துல குடிக்கணும். அவ்வளவுதான் கேக்கேன்."

எங்கள் வீட்டில் சொம்பில் வாய் வைத்தால் நான்தான் முதல் ஆளாகக் கத்துவேன். அண்ணாந்து குடிக்காத பிள்ளைக்குத் தண்ணியே கிடையாது. அதைச் சொன்னேன்.

"கெட்டித் தேநீரை அண்ணாந்து ஊத்தினா மூக்குல அப்பிக்கிடும்மா" என்றாள்.

நவம்பர் 17

விருந்தாளியாக உட்கார எனக்குப் பயிற்சி. கல்யாணப் பந்தியில்கூட இப்படி யாரும் என்னைப் பாடுபடுத்தினதில்லை. நான் வயதில் மூத்தவள், அதனால் முதல் விருந்தாளி. கிண்ணத்தை வலது கையால் எடுத்து இடது உள்ளங்கையில் வைக்கணும். கிண்ணத்துக்கு முகம் உண்டாம். முகத்தில் வாய் வைக்காமல் சற்றுத் திருப்பணும். மூன்று மடக்கு. பிறகு வாய் வைத்த இடத்தைத் துடைத்து அடுத்தவருக்குக் கொடுக்கணும்.

குடிக்கும் முன்னால் அடுத்து இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லணும். "ஒசாகி நி." உங்களுக்கு முந்தி நான் குடிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தமாம்.

மற்றதெல்லாம் மறந்து மறந்து போகிறது. இது மட்டும் பிடித்துக்கொண்டது. அடுத்து இருப்பவள் கோமதிதானே. நடக்கும்போது, பாத்திரம் கழுவும்போது எல்லாம் சொல்லிப் பார்க்கிறேன். உனக்கு முந்தி நான். உனக்கு முந்தி நான்.

நவம்பர் 20

கோமதி நாள் முழுக்கத் தூங்கினாள்.

நவம்பர் 21

இன்றும்.

நவம்பர் 23

இன்று நடந்தது. நிறைய எழுதணும்.

தேநீர் அறைக்கு வாசல் என்று ஒரு ஓட்டை வைத்திருக்கிறார்கள். ராசா ஆனாலும் குனிந்து தவழ்ந்துதான் போகணுமாம். ராசாவுக்கு இடுப்பு சின்னதாக இருந்திருக்கும். நான் பாதியில் நின்றுவிட்டேன். பின்னால் இருந்து மாப்பிள்ளை என்ன செய்வது என்று தெரியாமல் மரியாதையாகக் காத்திருந்தார். உள்ளே இருந்து கோமதி, "மூச்சை வெளிய விடும்மா" என்றாள். அவளால் தவழ முடியாது. அதனால் அவளை முதலிலேயே சம்பந்தியம்மா தான் வருகிற கதவு வழியாகக் கொண்டுபோய், பின்னால் மெத்தை அண்டக்கொடுத்து உட்காரவைத்திருந்தார்.

சின்ன அறை. தரையில் சதுரமாக வெட்டின அடுப்பு, அதில் கெண்டி கொதிக்கிற சத்தம், வெளியே மழை. சுவரில் ஒரு குழலில் பூ வைத்திருந்தது. பூ என்றால் ஒரே ஒரு மொட்டு. வெள்ளை, இன்னும் விரியாதது. என் கடையில் இப்படி ஒற்றை மொட்டை வைத்தால் யாவாரம் முடிந்துபோச்சு என்று நினைப்பார்கள். கோமதியிடம் அதை மெதுவாகச் சொன்னேன். "வாயை மூடும்மா, அத்தை வாராவ" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கொஞ்சம் நிறம்கூட வந்திருந்தது.

இனிப்பு கொடுத்தார்கள். சம்பந்தியம்மா ஒவ்வொரு சாமானையும் துணியால் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்ததைத்தான் துடைத்தார். தூளைப் போட்டு, வெந்நீர் கொஞ்சம் விட்டு, மூங்கில் மத்தால் கடைந்தார். கடைவது இல்லை, பிசைவது. யாரும் பேசவில்லை. எனக்கு அதுதான் பெரிய கஷ்டம்.

கிண்ணம் என் முன்னால் வந்தது. கறுப்பு. உள்ளே அரைத்த மருதாணி மாதிரி, சாய்த்தால் மெல்ல நகர்கிறது. கோமதி பக்கம் திரும்பி, "ஒசாகி நி" என்றேன். சரியாகச் சொன்னேன். அவள் குனிந்தாள். திருப்பினேன். குடித்தேன். கசப்பு. தேநீர் எப்படி இருக்கிறது என்று சம்பந்தியம்மா கேட்டார், நல்லா இருக்கு என்று தலையாட்டினேன். இரண்டாவது மடக்கு. மூன்றாவது. இத்தோடு நிறுத்தணும்.

திரும்பினேன். கோமதி இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் ஊசி போட்ட இடம் எல்லாம் நீலம்.

நான் நிறுத்தவில்லை. குடித்துக்கொண்டே இருந்தேன். கிண்ணத்தை முகத்துக்கு மேல் கவிழ்த்து, ஒட்டியிருந்ததும் வழிந்து வரும்வரை வைத்துக்கொண்டிருந்தேன். மூன்று பேருக்குப் போட்டது அத்தனையும். ருசியாக இருந்தது, அதனால் நிறுத்த முடியவில்லை. எல்லாரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

"அம்மா," என்றார் மாப்பிள்ளை. "மூணு பேர்."

"ஏம்மா, எனக்கெங்க?" என்றாள் கோமதி.

"என் எச்சி உனக்கு ஆகாதுட்டி. நர்ஸ் பிள்ளை அத்தனை தரம் சொல்லிச்சுல்லா."

"அது ஆஸ்பத்திரியில."

"எங்க இருந்தாலும் அப்படித்தான். உடம்பு தேறட்டும். தேறினப்பொறம் குடிக்கலாம். எங்க ஓடிப்போகுது?"

"யம்மா," என்றாள். "இனி எனக்கு எல்லாம் ஆகும்மா."

நான் கிண்ணத்தை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். கொடுக்கவில்லை. கோமதி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "பல்லு பூரா பச்சையா இருக்கும்மா. அசோகவனத்து அரக்கி கணக்கா" என்றாள். மாப்பிள்ளைக்கு அது புரியவில்லை, என் பல்லைப் பார்த்துச் சிரித்துவிட்டு உடனே குனிந்துகொண்டார்.

சம்பந்தியம்மா முழங்காலால் நகர்ந்து என்னிடம் வந்தார். குனிந்து, என் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். முகத்தில் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. கழுவினார். துடைத்தார். தூளை எடுத்தார். மறுபடி முதலில் இருந்து எல்லாம். தன் அம்மா இரண்டாவது கிண்ணம் போட்டு இதுவரை பார்த்ததே இல்லை என்று மாப்பிள்ளை பிறகு சொன்னார்.

இந்தத் தடவை கிண்ணத்தைக் கோமதி முன்னால் வைத்தார். முதல் விருந்தாளிதான் குடித்து முடித்துவிட்டாளே.

கோமதி என் பக்கம் திரும்பி, கையை ஊன்றிக் குனிந்தாள். "ஒசாகி நி" என்றாள். பிறகு தமிழிலும் சொன்னாள். "முந்திக்கிடுதேன்மா."

பதில் சொல்லக் கூடாது, குனியணும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். குனிந்தேன். நிமிரக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. பாயின் ஓரத்தில் ஒரு நூல் பிரிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் உதடு நனைகிற அளவுதான் குடித்தாள். மாப்பிள்ளை கிண்ணத்துக்கு அடியில் கை கொடுத்தார். வாய் வைத்த இடத்தை அவளே துடைத்தாள், கை ஆடினதில் பாதிதான் துடைபட்டது. எனக்குக் கொடுத்தாள். துடைத்த இடத்தை விட்டுவிட்டு, துடைக்காத இடத்தில் வாய் வைத்துக் குடித்தேன். மாப்பிள்ளைக்கு மிச்சம் வைத்தேன். முறைப்படி திருப்பித் துடைத்துக் கொடுத்தேன். ஒரு தப்பும் செய்யவில்லை.

"பாஸ்" என்றாள் கோமதி.

நவம்பர் 24

நான் ராத்திரி கண்ணை மூடவில்லை. அத்தனை தேநீரும் வேலை செய்கிறது.

நவம்பர் 29

கோமதி நோட்டைக் கேட்டாள். பிடிக்க முடியாது என்பதால் நானே வாசித்துக் காட்டினேன். கொழுக்கட்டையை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். சில பக்கங்களை நான் தள்ளிவிட்டேன். "எத்தனை பக்கத்தைத் தாண்டுதே?" என்றாள் கண்ணைத் திறக்காமல். ஒட்டிக்கிட்டு இருக்கு என்றேன்.

கோமதி அப்பா சேதி அனுப்பியிருக்கிறார். மாடி ரூம் போட்டோ. சந்தன கலர் அடித்துவிட்டார். நன்றாக இருக்கிறது. அவளிடம் காட்டினேன். சன்னல் கம்பிக்கு அடிக்கலையே என்றாள்.

டிசம்பர் 1

மழை. சம்பந்தியம்மாவும் நானும் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறோம். இரண்டு பேருக்கும் இப்போது ஃபோன் பெண் வேண்டியிருக்கவில்லை.

டிசம்பர் 4

வெயில். நேற்றும் முந்தாநாளும் எழுதவில்லை.

எங்கள் ஊரில் பொம்பளைகளைத் தெருமுனையோடு நிறுத்திவிடுவார்கள், சுடுகாட்டுக்கு விடமாட்டார்கள். இங்கே வரச் சொன்னார்கள். போனேன். புகை இல்லை, சத்தம் இல்லை, ஆஸ்பத்திரி மாதிரி சுத்தம். காத்திருக்கச் சொல்லி உட்காரவைத்து தேநீர் கொடுத்தார்கள். தண்ணியாக இருந்தது. பிறகு கூப்பிட்டார்கள்.

எரிந்த பிறகு எலும்பைக் குடும்பத்தார்தான் குச்சியால் எடுத்துக் குடத்தில் வைக்கணும். ஒன்றை இரண்டு பேர் சேர்ந்து எடுக்கணும். காலில் தொடங்கித் தலையில் முடிக்கணும், இல்லாவிட்டால் குடத்துக்குள் தலைகீழாக இருக்க வேண்டிவரும். சரிதான். குச்சி ஒன்று மூங்கில், ஒன்று மரம், ஜோடி சேராது. வேண்டுமென்றே அப்படித்தானாம். நானும் மாப்பிள்ளையும் ஒரு ஜோடி.

பாதத்தை எடுத்து வைத்தோம். அடுத்ததற்கு நீட்டும்போது என் குச்சி ஒன்று நழுவிக் கீழே விழுந்துவிட்டது. எடுக்க நானும் குனிந்தேன், மாப்பிள்ளையும் குனிந்தார். தலையோடு தலை, நல்ல இடி. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு தரம் மட்டும் இடித்தால் கொம்பு முளைக்கும். அதனால் அவர் காதைப் பிடித்து இழுத்து இன்னொரு தரம் இடித்தேன். வேறு குச்சி கொடுத்தார்கள்.